மூன்று பேருக்கு ஒரு படுக்கை

1

போன ஞாயிற்றுக்கிழமை இங்கே ஜெர்மனியில் பக்கத்து நகரத்துக்கு ரயிலில் போனோம். ஒன்றரை மணி நேரப் பயணம். பரிசோதகர் என் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, குனிந்து, என் இரண்டு பெண்களுக்கும் ஆளுக்கொரு விளையாட்டு டிக்கெட் கொடுத்தார். அதிலும் மெஷினை வைத்து ஒரு ஓட்டை போட்டுத் தந்தார். இந்த நாட்டில் சிறுபிள்ளைகள் பெற்றோருடன் போனால் டிக்கெட் தேவையில்லை. ஆனாலும் அவர்கள் மனம் கோணக்கூடாது என்று இப்படி ஒரு ஏற்பாடு.

சின்னவள் தாரா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அவரிடம் சுத்தத் தமிழில் கேட்டாள்: "இதுல படுத்துக்கலாமா?"

அந்த மனிதருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெரியவள் மகிழினி விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன், கூடவே கண் கலங்கியது. போன வருடம் ஆடி மாதம் நாங்கள் மூவரும் டில்லியிலிருந்து ஜோலார்பேட்டை வரைக்கும் ஒரே ஒரு படுக்கையில் வந்தோம். அதை எழுத வேண்டும் எழுத வேண்டும் என்று பத்து மாதமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். தாரா எழுத வைத்துவிட்டாள்.

2

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரைத் தாண்டி இன்னும் உள்ளே போனால் வரும் ஒரு சின்ன ஊர் என்னுடையது. சாமையும் புளியும்தான் எங்களுக்குப் பிழைப்பு. நர்ஸ் வேலை என்னை முதலில் டில்லிக்குக் கொண்டுபோனது, மூன்று வருடம் கழித்து ஜெர்மனிக்குக் கொண்டுவந்தது. இங்கே வந்து பதினோரு வருடம் முடிந்துவிட்டது.

போன வருடம் நான் ஊருக்குப் புறப்பட்டது ஒரே ஒரு காரியத்துக்காக. தாராவுக்குக் காது குத்த வேண்டும், அதுவும் என் அண்ணன் மடியில் உட்கார வைத்துக் குத்த வேண்டும். இதில் என்ன பெரிய சிக்கல் என்று நீங்கள் கேட்கலாம். அண்ணன் என்னோடு பேசி அப்போது மூன்று வருடம் ஆகியிருந்தது.

அப்பா இறந்த அன்று என் பாஸ்போர்ட் இங்குள்ள அலுவலகத்தில் இருந்தது. விசாவைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். அந்த அலுவலகம் வாரத்தில் இரண்டு நாள் திறக்கும், அதற்கும் ஆறு வாரம் முன்னதாக நேரம் வாங்க வேண்டும். புது விசா அட்டை கைக்கு வராமல் நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்ப உள்ளே விட மாட்டார்கள் என்றார்கள். தாராவுக்கு அப்போது ஒரு வயது. நான் அந்த அலுவலக வாசலில் நின்று, தெரிந்த ஜெர்மன் அத்தனையையும் சொல்லிக் கெஞ்சினேன். கடைசியில் அழுதது தமிழில்தான். அப்பாவைத் தூக்கிக்கொண்டு போனதை அண்ணி போனில் பிடித்துக் காட்ட, சமையலறையில் நின்றபடி பார்த்தேன்.

அண்ணன் அன்று ஒன்றே ஒன்று சொன்னாராம்: "அவளுக்கு அங்க காயிதம்தான் பெரிசு." அதோடு சரி. நான் போன் செய்தால் அண்ணி எடுப்பார், அண்ணன் எழுந்து போய்விடுவார்.

இதற்கு முன்பே ஒரு வருத்தம் அவருக்கு இருந்தது. மகிழினிக்கு மூன்று வயதில் இங்கே ஒரு நகைக்கடையில் காது குத்திவிட்டேன். ஊருக்கு வர விடுப்பு கிடைக்கவில்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் குத்தியிருக்கிறார்கள் என்று இவள் அழுதாள், நானும் போனேன். ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, துப்பாக்கி மாதிரி ஒன்றை வைத்து இரண்டு நொடியில் முடித்துவிட்டார்கள். "தாய்மாமன் நான் உசுரோட இருக்கறப்பவே மிஷின்ல குத்திட்டாளா?" என்று அண்ணன் கேட்டதாக அண்ணி சொன்னபோதுதான் நான் செய்ததன் கனம் எனக்குத் தெரிந்தது.

எங்கள் பக்கத்தில் தாய்மாமனைப் போனில் கூப்பிட்டால் அது அழைப்பில்லை. தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து, அவர் வீட்டு வாசலில் நின்று, வாயைத் திறந்து கேட்க வேண்டும். அவர் தட்டை வாங்கிக்கொண்டால் வருகிறார். வாங்காவிட்டால் அந்தப் பிள்ளைக்கு மாமன் மடி இல்லை. பேசாத மனிதர் வாங்குவாரா? அண்ணியிடம் கேட்டேன். "நீ கௌம்பி வா கண்ணு. வந்தா பாத்துக்கலாம். ஜோலார்பேட்டையில யாரையாவது வரச் சொல்றேன்" என்றார். அதற்கு மேல் அவராலும் சொல்ல முடியவில்லை.

3

என் சான்றிதழ் ஒன்றில் முத்திரை வாங்க டில்லியில் இறங்க வேண்டியிருந்தது. கணவருக்கு விடுப்பு இல்லை. ஜெர்மனியிலிருந்து டில்லி வரும்வரை தாரா விமானத்தில் ஓயாமல் வாந்தி எடுத்தாள். அடுத்த விமானம் என்றதும் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வர மாட்டேன் என்றாள். சரி, ரயிலில் போகலாம், பிள்ளைகளும் நாட்டைப் பார்க்கட்டும் என்று நானே உட்கார்ந்து டிக்கெட் போட்டேன்.

அங்கேதான் கோட்டை விட்டேன். நாலு வயதுக்காரிக்கு டிக்கெட்டே வேண்டாம் என்றது ரயில்வே இணையதளம். ஏழு வயதுக்காரிக்குத் தனிப் படுக்கை வேண்டுமா வேண்டாமா என்று கேட்டது. ஜெர்மனிப் புத்தி எனக்கு. பிள்ளைக்கு எதற்குத் தனிப் படுக்கை, இரவில் என்னோடு ஒண்டிக்கொள்வாள், பகலில் உட்கார ஒரு இடம் தராமலா போவார்கள் என்று நினைத்து 'வேண்டாம்' என்று அழுத்தினேன். நம் ரயிலில் படுக்கைதான் இடம், இடம்தான் படுக்கை என்பது பத்து வருடத்தில் மறந்தே போயிருந்தது. ஊரில் பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது.

வண்டி டில்லியை விட்டுக் கிளம்பியதும் டிக்கெட் பரிசோதகர் வந்தார். தன் பட்டியலைப் பார்த்தார், எங்களை எண்ணினார், மறுபடியும் பட்டியலைப் பார்த்தார். உங்களுக்கு இந்த நடுப் படுக்கை மட்டும்தான் என்று இந்தியில் சொன்னார். வேறு ஏதாவது காலி இருக்கிறதா என்று கேட்டேன். வண்டி நிறைந்துவிட்டது என்றார். பதற்றத்தில் அவரிடம் "டாங்கே" என்று ஜெர்மனில் நன்றி வேறு சொல்லித் தொலைத்தேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். இரண்டு இரவு, ஒரு முழுப் பகல், ஒரு காலை. நடுவில் தொங்கும் ஒரு பலகை. நாங்கள் மூன்று பேர்.

எதிரெதிரே இருந்த இரண்டு கீழ்ப் படுக்கையிலும் ஒரு வயதான தம்பதி. டில்லியில் மகன் வீட்டுக்கு வந்துவிட்டு வேலூருக்குத் திரும்புகிறவர்கள். அந்த அம்மாவின் பெயர் ஷமீம். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர், பரிசோதகர் நகர்ந்ததும் என்னைப் பார்த்து, "இன்னாமா நீ, ஜெர்மனி வரிக்கும் போயி வந்துட்ட, ஒரு டிக்கெட் போடத் தெர்லியா?" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. தமிழைக் கேட்டதாலா, திட்டு வாங்கியதாலா என்று தெரியவில்லை.

"அட, அழுவாதம்மா. எனக்கு முட்டி வலி, மேல ஏற முடியாது. இதோ இருக்காரே, இவுரு ஏறுவாரு" என்று கணவரைக் காட்டினார். பாய் ஒரு வார்த்தை பேசவில்லை. தலையணையை எடுத்துக்கொண்டு என் நடுப் பலகைக்கு ஏறினார். அவருடைய கீழ்ப் படுக்கை எங்களுக்கு வந்தது.

4

ஒரு படுக்கையில் இரண்டு பிள்ளைகள் தலைமாடு கால்மாடாகப் படுத்தால் மூன்றாவது ஆளுக்குக் கிடைப்பது ஒரு முழ இடம். தாரா தூக்கத்தில் நீச்சல் அடிப்பவள். அந்த முழமும் சீக்கிரம் போய்விட்டது. கொஞ்ச நேரம் விளிம்பில் உட்கார்ந்தேன், பிறகு எழுந்து நின்றேன், கதவுப் பக்கம் போனேன், கழுவும் தொட்டி அருகே சாய்ந்து நின்றேன். அங்கே நின்றபோதுதான் அண்ணன் ஞாபகம் வந்து என்னைப் பிடித்து உலுக்கியது.

எனக்கு இருபத்திரண்டு வயதில் டில்லி ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. அதற்கு முன் நான் ரயிலில் ஏறியதே கிடையாது. அண்ணன் கொண்டுபோய் விட வந்தார். எனக்குப் படுக்கை கிடைத்தது. அவருடைய டிக்கெட் காத்திருப்புப் பட்டியலிலேயே நின்றுவிட்டது. "நீ படு, நான் அப்பிடியே கதவாண்ட காத்தாட நிக்கிறேன்" என்று போனார். இரண்டு இரவும் நான் நன்றாகத் தூங்கினேன். கண் விழித்தபோதெல்லாம் அவர் கழுவும் தொட்டி அருகே நின்றுகொண்டிருந்தார். டில்லியில் என்னை விடுதியில் சேர்த்துவிட்டு அன்றைக்கே திரும்பி வண்டி ஏறினார்.

அதை நான் இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட நினைத்துப் பார்க்கவில்லை. அண்ணன் என்றால் அப்படித்தான் செய்வார் என்று விட்டுவிட்டேன். இப்போது கால் இரண்டும் வலியில் விண்விண் என்று தெறித்தபோதுதான் அது எத்தனை மணி நேரம் என்று தெரிந்தது. வெட்கமாக இருந்தது. அப்பாவின் சாவுக்கு வர முடியாததற்கு என்னிடம் நியாயம் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆனால் அதை அவரிடம் நேரில் போய்ச் சொல்ல மூன்று வருடம் ஆக்கினேனே, அதற்கு நியாயம் இல்லை.

5

மறுநாள் பகல் எங்களுக்கு நல்ல பகலாக இருந்தது. மகிழினி வீட்டில் நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்கிறவள். நான் இரண்டாம் முறை கேட்டால் தோளைக் குலுக்குவாள். அவள் தமிழை விட்டு நகர்ந்துகொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், பிடித்து நிறுத்தத் தெரியவில்லை. அந்தப் பெட்டியில் ஷமீம் அம்மாவுக்கு ஜெர்மன் தெரியாது. பாய்க்குத் தெரிந்ததெல்லாம் தலையாட்டல். அவர்கள் கொண்டுவந்த புதினாத் துவையல் தடவிய ரொட்டி வேண்டுமென்றால் இவள் வாயைத் திறந்து தமிழில்தான் கேட்டாக வேண்டும். காலையில் "அது" என்று விரலைக் காட்டினாள். மதியம் "அது வேணும்" என்றாள். சாயங்காலம் "எனக்கு ஒண்ணு, தாராவுக்குப் பாதி குடுங்க, அவ கீழ போட்டுடுவா" என்று கணக்காகப் பேசினாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். என் முகத்தைப் பார்த்தால் நிறுத்திவிடுவாளோ என்று பயம்.

தாராவைக் கழிப்பறைக்கு அழைத்துப் போனபோது என் போன் மகிழினியிடம் இருந்தது. திரும்பி வந்து பார்த்தால் யாரோடோ பேசி முடித்திருந்தாள்.

"யாரு?"

"அத்தை. எங்க வர்றீங்கன்னு கேட்டாங்க. நான் பேசினேன்."

"என்ன பேசின?"

"எல்லாம்" என்றாள். ஏழு வயதுக்காரியின் 'எல்லாம்' என்ன என்று நான் துருவிக் கேட்கவில்லை. எனக்கு வேறு கவலை இருந்தது. அன்று காலையில்தான் அவள் என்னிடம், மாமா மடியில் எதற்கு உட்கார வேண்டும் என்று கேட்டிருந்தாள். காது குத்தும்போது வலிக்கும், மாமா கெட்டியாகப் பிடித்துக்கொள்வார், பயமிருக்காது என்றேன். "என்னை யாரு பிடிச்சாங்க?" என்றாள். நாற்காலி என்று சொல்ல வாய் வரவில்லை.

மூன்றாம் நாள் காலை காட்பாடியில் ஷமீம் அம்மாவும் பாயும் இறங்கினார்கள். இறங்கும்போது பாய் முதல் முறையாக வாய் திறந்தார்: "அடுத்த வாட்டி மூணு பெர்த் போடும்மா." படுத்திருந்த இரண்டு இரவும் அவர் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்திருப்பார் போலிருக்கிறது.

அதன் பிறகு இடப்பக்கம் மலை தெரிய ஆரம்பித்தது. "அதோ நம்ம மலை" என்று காட்டினேன். ஜோலார்பேட்டையில் வண்டி கொஞ்ச நேரம்தான் நிற்கும். மூன்று பெட்டி, தூங்கி வழியும் ஒரு பிள்ளை, செருப்பைத் தேடும் ஒரு பிள்ளை. யாரையாவது அனுப்புவதாக அண்ணி சொன்னார், யாரென்று சொல்லவில்லை.

வண்டி நிற்பதற்குள் கதவருகே ஓடிவந்து ஏறிய ஆள் நேராக என்னைத் தாண்டிப் போனார். தாராவைத் தூக்கித் தோளில் போட்டார். இன்னொரு கையில் பெரிய பெட்டி. தலை பாதி நரைத்திருந்தது. என் அண்ணன்.

"செருப்பு அப்பறம் வாங்கிக்கலாம், எறங்கு கண்ணு" என்றார். என்னிடமில்லை, மகிழினியிடம்.

6

ஆலங்காயம் வழியாக மலை ஏறும்வரை ஜீப்பில் அவர் என்னிடம் பேசவில்லை. முன்னால் உட்கார்ந்துகொண்டு மகிழினி கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். அது என்ன மரம், குரங்கு கடிக்குமா, இந்த வளைவு இன்னும் எத்தனை. நான் பின்னால் தாராவை மடியில் போட்டுக்கொண்டு அவருடைய பிடரியையே பார்த்துக்கொண்டு வந்தேன். பேசுகிறேன் பேசுகிறேன் என்று ஒவ்வொரு வளைவாக நழுவியது. காவலூர் தாண்டியதும் வாய் தானாகத் திறந்தது.

"டில்லி வரிக்கும் நீ நின்னுகினே வந்தியேண்ணா. கால் வலிக்கல?"

ஜீப் ஓட்டியவர் திரும்பி என்னைப் பார்த்தார். அண்ணன் திரும்பவில்லை. ஒரு வளைவு போனது.

"வலிச்சிதுதான்" என்றார். "இன்னா பண்றது, நீ தூங்கினு இருந்த."

மூன்று வருடத்துக்குப் பிறகு அவர் என்னிடம் பேசியது இதுதான். நான் குலுங்கிக் குலுங்கி அழுதேன். "அம்மா ஏன் அழறாங்க?" என்று மகிழினி தமிழில் கேட்டாள். "மலை ஏறுனா சில பேருக்கு அப்பிடித்தான்" என்றார் அண்ணன்.

பேசிவிட்டார் என்பதால் தட்டை வாங்கிவிடுவார் என்று அர்த்தமில்லை. அவர் குணம் எனக்குத் தெரியும். ஊர் போய்ச் சேர்ந்ததும் முகம் கழுவிக்கொண்டு, அண்ணி கொடுத்த தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், ஒரு பலாச்சுளை எல்லாம் வைத்து, வெளியே போய் வாசலில் நின்றேன். பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள்.

"அண்ணா, சின்னவளுக்கு வெள்ளிக்கெழம குலசாமி கோயில்ல காது குத்தறோம். நீதான் மடி குடுக்கணும்" என்றேன். அதோடு நிற்க முடியவில்லை. "அப்பாவுக்கு வர முடியல. வுட மாட்டேன்னுட்டாங்க. அத ஒன்னாண்ட நேர்ல வந்து சொல்லியிருக்கணும். சொல்லாம வுட்டது என் தப்பு."

அவர் தட்டை வாங்கினார். அப்படியே உள்ளே போய்விட்டார்.

சம்மதித்துத்தான் வாங்கினாரா, சும்மா எடுத்துக்கொண்டு போய் வைத்துவிட்டாரா? அண்ணி முகத்தைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார்.

அதே தட்டோடு அண்ணன் வெளியே வந்தார். வெற்றிலைக்குப் பக்கத்தில் இரண்டு சின்ன நகைப் பெட்டி. ஒன்று புதுசு. மற்றொன்றின் சிவப்புத் துணி வெளுத்துப் போயிருந்தது.

"சின்னதுக்கு இது" என்று புதுசைத் தொட்டார். பிறகு வெளுத்ததை எடுத்தார். "இது பெரிசு பொறந்தப்பவே போளூர்ல வாங்கனது. பெட்டியிலயே கெடந்துது. ஓட்ட தூந்துபோச்சாமே அதுக்கு?"

நான் மகிழினியைப் பார்த்தேன். ரயிலில் அவள் பேசிய 'எல்லாம்' என்னவென்று அப்போதுதான் தெரிந்தது. அவளுடைய பள்ளியில் விளையாட்டு வகுப்புக்குத் தோடு போடக் கூடாது. கழற்றிக் கழற்றி வைத்ததில் அந்த மிஷின் குத்திய ஓட்டை மூடிக்கொண்டுவிட்டது. அதை அத்தையிடம் சொல்லி, "அப்போ என்னையும் மாமா பிடிச்சுப்பாங்களா?" என்று கேட்டிருக்கிறாள். போன் சத்தமாக இருந்தது, அண்ணன் எழுந்து போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டிருக்கிறார். ஜோலார்பேட்டைக்கு வேறு யாரும் போக வேண்டாம், நானே போகிறேன் என்றாராம்.

வெள்ளிக்கிழமை அண்ணன் மடியின் இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள். மகிழினி கண்ணை இறுக மூடிக்கொண்டு அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள், அழவில்லை. தாரா மாமன் கையை நன்றாகக் கடித்துவைத்தாள். அந்தப் பல் தடத்தை அண்ணன் ஒரு வாரம் ஊரெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தார்.

7

இந்த வருடமும் ஆடிக்கு வருகிறோம். எனக்கு டில்லியில் எந்த முத்திரையும் வேண்டியதில்லை. சென்னைக்கே விமானம் இருக்கிறது. ஆனால் ரயிலில் வந்தால்தான் வருவோம் என்று இரண்டு பேரும் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். தாராவுக்கு ரயில் என்றால் படுத்துக்கொள்ளும் இடம். மகிழினிக்கு அது தமிழ் பேசும் இடம். வீட்டில் இன்னும் பாதி நேரம் ஜெர்மன்தான், அதை மறைக்க மாட்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் மாமாவோடு போனில் பேசும் அரை மணி நேரம் முழுக்க அவளுடையது. அந்த நேரத்தில் நான் குறுக்கே போனால் கையை அசைத்து விரட்டுகிறாள்.

இதை எழுதத் தொடங்கிய அன்று மாலை டிக்கெட் போடலாம் என்று கணினியைத் திறந்தேன். இந்த முறை மூன்று படுக்கை, பாய் சொன்னபடியே. பிறந்த தேதிகளைக் குறித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அண்ணன். எனக்கென்று அவரே போன் செய்வது அதுதான் முதல் தடவை.

"நீ டிக்கெட் போட வாணாம்" என்றார். "ஒனக்குப் போடத் தெரியாது. ஜமுனாமரத்தூர்ல கம்ப்யூட்டர் கடையில குந்தி நானே போட்டுட்டேன்."

"எத்தினி பெர்த்துண்ணா?"

"நாலு."

"நாலு எதுக்கு? அவுரு இந்த வாட்டியும் வரல. நாங்க மூணு பேருதானே."

கடையில் யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம் மட்டும் கேட்டது.

"டில்லிக்கு நான் வர்றேன், கூட்டியாற. இந்த வாட்டியும் இன்னா, நின்னுகினேவா வர்றது?"